பறங்கிக்காயும் பறங்கி சூப்பும்

உப்பளங்கள் சூழ்ந்த கடலோர ஊரான மரக்காணத்தில் காய்கறிக் கடைக்குப் போய்ப் பூசணி கேட்டால் சாம்பல் பூத்த வெள்ளைக் காய்தான் கிடைக்கும். வெளியே பள்ளமும் மேடுமாக வரியோடி, உள்ளே மஞ்சளாக இருக்கும் காய் வேண்டுமென்றால் பறங்கிக்காய் என்றுதான் கேட்க வேண்டும். “ஒரு பத்தை போடுங்கண்ணே” என்றால் பெரிய காயிலிருந்து ஒரு கீற்றை அறுத்துத் தராசில் வைப்பார். இதே காய்க்குக் கோவைப் பக்கம் அரசாணிக்காய் என்று பெயர். தெற்கே போகப் போக மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி என்பார்கள். யாழ்ப்பாணத்தில் பூசணிக்காய் என்றாலே மஞ்சள் காய்தான். வெள்ளைக் காய் அங்கே நீற்றுப்பூசணி. நாகர்கோவில்காரர்களுக்கு அந்த வெள்ளைக் காய் தடியங்காய். மற்ற ஊர்கள் நிறத்தையும் சுவையையும் பார்த்துப் பெயர் வைத்திருக்க, சென்னையிலிருந்து விழுப்புரம், கடலூர் வழியாகத் தஞ்சை வரையிலும் இந்தக் காய்க்கு ஒரு வேற்றுநாட்டு ஆளின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த ஆளின் பூர்வீகம் ஐரோப்பா. ரோமப் பேரரசு சரிந்துகொண்டிருந்த காலத்தில் இன்றைய பிரான்ஸ் பகுதிக்குள் நுழைந்து ஆட்சியைப் பிடித்த ஜெர்மானிய இனக்குழுவின் பெயர் ஃபிராங்க். பிரான்ஸ் என்ற நாட்டுப் பெயரே அவர்களிடமிருந்து வந்தது. 1096இல் சிலுவைப் போருக்குக் கிளம்பிய மேற்கு ஐரோப்பியர்களை அரபுகள் நாடு பிரித்துப் பார்க்கவில்லை. எல்லோரையும் ‘இஃப்ரஞ்ச்’ என்று ஒரே பெயரில் அழைத்தார்கள். பாரசீகத்தில் அது ‘ஃபரங்கி’ ஆனது. இந்தியப் பெருங்கடலில் வணிகம் செய்தவர்களின் வாயில் அந்தச் சொல் ஏற்கெனவே புழங்கிக்கொண்டிருந்ததால், 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து இறங்கியபோது அவருக்கான பெயர் கரையில் தயாராகக் காத்திருந்தது. ஃபகரம் இல்லாத தமிழ் அதைப் பறங்கி என்று வாங்கிக்கொண்டது. இந்தியில் ஃபிரங்கி, தாய்லாந்தில் ஃபராங் எல்லாம் இதற்குப் பங்காளிகள். பினாங்குத் தீவின் பத்து ஃபெரிங்கி கடற்கரைப் பெயரிலும் இதே ஆள்தான் இருக்கிறார்.

ரகரம் போட்டுப் பரங்கி என்று எழுதுவோரும் நிறைய; பேச்சில் இரண்டும் ஒன்றாகத்தான் விழுகிறது. ஆனால் எழுத்து ஒத்துப்போகிறதே என்று திருப்பரங்குன்றத்தை இதில் இழுத்துவிடக் கூடாது. அந்தப் பெயர் பறங்கிகள் வருவதற்குப் பல நூற்றாண்டுக்கு முந்தியது.

தமிழில் பறங்கி என்றால் முதலில் போர்ச்சுகீசியர். சிதம்பரத்துக்குக் கிழக்கே பறங்கிப்பேட்டை, சென்னையில் பறங்கிமலை என்று அவர்கள் கால் வைத்த இடங்களின் பெயர்கள் இன்றும் நிற்கின்றன. இலங்கையில் போர்ச்சுகீசிய, டச்சு வழிவந்த கலப்பினத்தவர் பறங்கியர் எனப்பட்டார்கள். அந்தக் காலத்தில் இந்தச் சொல்லில் மரியாதை கொஞ்சமும் இல்லை. மாட்டிறைச்சி தின்பவன், குடிப்பவன், குளிக்காதவன் என்ற ஏளனமெல்லாம் அதில் சேர்ந்திருந்தது. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்டோ டி நோபிலி காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, “நான் பறங்கி இல்லை, ரோமாபுரி உயர்குடி” என்ற நிலையை எடுத்ததற்குக் காரணமே அதுதான். தோலில் வரும் ஒரு கொடிய நோய்க்குப் பறங்கிப்புண் என்று பெயர் வைத்தார்கள். அதற்குச் சித்த மருத்துவத்தில் தந்த வேருக்குப் பறங்கிப்பட்டை என்று பெயர். ஆளுக்கு வசையாகவும் நோய்க்குப் பெயராகவும் ஆன சொல், காய்க்குப் போய்ச் சேர்ந்ததும் சாதுவாகிவிட்டது. பறங்கிக்காய் என்று கேட்டு யாருக்கும் கோபம் வந்ததில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மரக்காணத்திலிருந்து தெற்கே ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய புதுச்சேரியில் 1674 முதல் உட்கார்ந்திருந்தவர்கள்தான் ஃபிராங்க் என்ற பெயருக்கு நேர் வாரிசுகளான பிரெஞ்சுக்காரர்கள். வடக்கே கடப்பாக்கத்தை ஒட்டிய ஆலம்பரைக் கோட்டையும் 1750இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் கைக்கு வந்து, பத்து ஆண்டு கழித்து ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டது. இடையில் கூனிமேட்டில் 1680களில் ஆங்கிலக் கம்பெனி ஒரு பண்டசாலை வைத்திருந்தது. இத்தனை வெள்ளையர் வந்துபோன கரையில், பறங்கி என்ற பட்டம் பெரும்பாலும் முதலில் வந்த போர்ச்சுகீசியருக்கும் ஒரு காய்க்குமே நிலைத்தது. இன்னும் பின்னால் போனால், சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அன்றைக்குக் கடல் கடந்து வந்தவர்களுக்கு வேறு சொல் இருந்தது: யவனர். அதுவும் அயோனியர் என்ற ஓர் இனத்தின் பெயர் விரிந்ததுதான்.

காய் உண்மையில் பறங்கியுடையதா? இல்லை. நாம் பறங்கி என்று சொல்லும் இனமும் அதன் சகோதரங்களும் அமெரிக்கக் கண்டத்துப் பூர்வகுடிகள் பல ஆயிரம் ஆண்டுகளாக வளர்த்தெடுத்தவை. 1492இல் கொலம்பஸ் அங்கே போன பிறகுதான் கடல் கடந்தன. பெயர் தூக்கிவந்தவனைச் சொல்கிறது, விளைவித்தவனை விட்டுவிடுகிறது. மலையாளத்தில் மிளகாய் பறங்கிமுளகு, முந்திரி மரம் பறங்கிமாவு. அவையும் அமெரிக்காவிலிருந்து அதே கப்பல்களில் வந்தவைதான். ஈரானில் தக்காளிக்கு ‘கோஜே ஃபரங்கி’ என்று பெயர். தமிழில் வேற்றுநாட்டுச் செடிகளின் பெயர்களை அடுக்கிப் பார்த்தால் யார் எப்போது வந்தார்கள் என்பது தெரியும். பறங்கி என்ற முன்னொட்டு முதல் அடுக்கு. ஆங்கிலேயர் காலத்தில் அந்த இடத்தைச் சீமை பிடித்துக்கொண்டது: சீமைக் கத்தரிக்காய், உப்பளக் கரையெங்கும் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலம். கேரட்டும் பீட்ரூட்டும் வந்தபோது இங்கிலீஷ் காய்கறி என்றார்கள். இப்போது முன்னொட்டே தேவைப்படவில்லை. புரோக்கோலி, சுக்கினி என்று அப்படியே சொல்லிவிடுகிறோம்.

பூசணி என்ற பெயருக்குள் திருட்டுத்தனமாக நுழைந்த இன்னொன்றும் மரக்காணம், திண்டிவனம் வட்டாரத்தில் கோடைதோறும் சாலையோரம் குவிகிறது. பாரசீகத்தில் தர்பூஸ். வாய்க்குப் பழகிய பூசணியோடு ஒலி ஒத்துப்போனதால் அதைத் தர்பூசணி ஆக்கிவிட்டோம். ‘தர்’ என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

வெளிநாட்டுச் சமையல் குறிப்புகளில் ‘விண்டர் ஸ்குவாஷ்’ என்று வருவது நம் பறங்கியும் அதன் சகோதரங்களும்தான். ஸ்குவாஷ் என்பது நியூ இங்கிலாந்துப் பகுதியின் நாரகான்செட் பூர்வகுடிகளின் ‘அஸ்குடாஸ்குவாஷ்’ என்ற சொல்லின் மிச்சம். 1643இல் ரோஜர் வில்லியம்ஸ் அதைத் தம் மொழிநூலில் பதிந்திருக்கிறார். விண்டர் என்பதால் குளிர்காலத்தில் காய்ப்பது என்று எண்ணிவிட வேண்டாம். முற்றி, தோல் இறுகி, குளிர்காலம் முழுக்க வைத்துச் சாப்பிடலாம் என்பதுதான் பொருள். அந்தக் குணம் நம் கரைக்கும் பொருந்தும். மரக்காணம் உப்பளங்களில் உற்பத்தி தை, மாசியில் தொடங்கிப் புரட்டாசி வாக்கில் முடியும். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்திகள் நீரில் மூழ்கிவிடும். வாரிய உப்பைக் கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூடி வைப்பார்கள், வேலை இருக்காது. உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அந்த மாதங்களுக்காக 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2022இல்தான் கொண்டுவந்தது. காசும் காயும் தட்டுப்பாடாகும் அந்த நாட்களில், காம்பு கழலாமல் பறித்துப் பரணில் வைத்த முற்றிய பறங்கிக்காய் கெடாமல் கிடக்கும். பொங்கலுக்கு மொச்சையும் சர்க்கரைவள்ளியும் சேர்த்துக் குழம்பு வைக்கும்போது அதற்குத் தனி மரியாதையே உண்டு.

கடைகளில் கண்ணாடித்தாள் சுற்றி விற்கும் பட்டர்நட் ஸ்குவாஷ் பற்றி ஒரு வார்த்தை. சுரைக்காய் வடிவில் சந்தன நிறத்தில் இருக்கும் அது, நம் ஊர்ப் பறங்கியின் அதே இனம். இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உருவான ஒரு ரகம். காம்பைப் பார்த்தால் உறவு தெரிந்துவிடும். இரண்டிலும் காம்பு ஐந்து மூலை கொண்டு, காயைத் தொடும் இடத்தில் விரிந்திருக்கும். ஆகவே பட்டர்நட் சூப்புக்கான குறிப்பில் கண்ணை மூடிக்கொண்டு பறங்கியைப் போடலாம். சின்னக் குடும்பத்துக்கு, கோவை வேளாண் பல்கலைக்கழகம் தந்த கோ 2 ரகம் போதும். ஒன்றரை, இரண்டு கிலோவுக்கு மேல் போகாது. கோ 1 ஏழெட்டுக் கிலோ வரும், அதைப் பத்தையாக வாங்குவதே புத்தி.

சூப் என்ற சொல்லும் கப்பலில் வந்ததுதான். குழம்புச் சாற்றில் ஊறவைத்த ரொட்டித் துண்டுக்குத்தான் ஐரோப்பாவில் முதலில் அந்தப் பெயர். பிறகு ரொட்டி போய்ச் சாறு நின்றது. வடமொழியில் பருப்புக் குழம்புக்குச் சூபம், சமையற்காரனுக்குச் சூபகாரன் என்ற சொற்கள் இருப்பதைக் காட்டி, நம் சூப் அங்கிருந்துதான் வந்தது என்பவர்கள் உண்டு. தமிழ் வாய்க்குச் சூப் வந்தது துரைமார் சாப்பாட்டு மேசையிலிருந்து, சூபகாரனிடமிருந்து அல்ல. எதிர்த்திசையில் போனது மிளகுத்தண்ணீர். அது முல்லிகடானி ஆகி, சென்னை மாகாணத்து வெள்ளை அதிகாரிகளுக்கே ‘மல்’ என்ற பட்டப்பெயரை வாங்கித் தந்தது.

மஞ்சள் பூசணி சூப்புக்கு ஒரு நாட்டில் தேசிய மரியாதையே இருக்கிறது. ஹைத்தியில் பிரெஞ்சு முதலாளிகளுக்காக அடிமைகள் சமைத்து, அவர்கள் மட்டும் குடிக்கக் கூடாது என்று இருந்த சூப் அது. 1804 ஜனவரி 1இல் விடுதலை கிடைத்தபோது அதையே ஆக்கிக் குடித்தார்கள். இன்றும் ஒவ்வொரு புத்தாண்டிலும் ஜூமூ சூப் வைக்கிறார்கள். யுனெஸ்கோ 2021இல் அதை மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நம் அடுப்புக்கு வருவோம். பறங்கி சூப்பில் எல்லோரும் தவறுவது தண்ணீரில்தான். அரை கிலோ காயைத் தோல் சீவி, விதையையும் நாரையும் வழித்துவிட்டு, பெரிய துண்டாக நறுக்கிக்கொள்ளுங்கள். இட்லித் தட்டில் ஆவியில் வேகவைப்பது உத்தமம். குக்கர்தான் என்றால் அரை டம்ளர் தண்ணீருக்கு மேல் வேண்டாம். காயே நீர் விடும். கடலோரத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்புக்கரிக்கும், கடினமாகவும் இருக்கும். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாதது போலவே பறங்கியும் இளகாமல் நிற்கும். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து காயின் பெக்டினை இறுக்கிவிடுவதுதான் காரணம். குடிதண்ணீரைப் பயன்படுத்துங்கள். புளிப்பும் காயை இளகவிடாது. எலுமிச்சையோ தக்காளியோ காய் குழைந்த பிறகுதான் சேர வேண்டும். சூப் வழவழப்பாக வருவதற்கும் திப்பிதிப்பியாக நிற்பதற்கும் வித்தியாசம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

வேறு சட்டியில் நெய் ஊற்றி, பத்துச் சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, அரைத் தேக்கரண்டி சீரகம் போட்டு வெங்காயம் பொன்னிறமாகும் வரை வதக்குங்கள். நெய்யில் கை இறுக வேண்டாம். பறங்கியின் மஞ்சளுக்குக் காரணமான கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் ஒட்டும். எல்லாவற்றையும் நன்றாக ஆறவிட்டு மிக்சியில் அடியுங்கள். சூட்டோடு அடித்தால் மூடி எகிறிச் சமையலறைச் சுவர் மஞ்சளாகும். அரைத்ததைச் சட்டியில் விட்டு, கரண்டியின் முதுகில் படியும் பதத்துக்கு வெந்நீர் சேர்த்து ஒரு கொதி. தேங்காய்ப்பால் விடுவதானால் அடுப்பை அணைத்துவிட்டு விடுங்கள்.

உப்பு கடைசியில். உப்பளத்துக் கல்லுப்பில் கொஞ்சம் களிமண்ணும் மணலும் இருக்கும். நேராகப் போட்டால் வழவழப்பான சூப்பில் பல்லில் நறநறக்கும். ஒரு கிண்ணம் நீரில் கரைத்துத் தெளியவைத்து, மேல்நீரை மட்டும் இறுத்து ஊற்றுவது இந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். பறங்கியின் இனிப்பு அடங்கி, நாக்கில் ஒரு கணம் உப்புத் தெரிந்து மறையும்வரை சிறிது சிறிதாக விடுங்கள். மேலே நுணுக்கிய மிளகு. அசைவம் சாப்பிடுகிறவர்கள் சென்னாக்குனி என்னும் பொடி இறால் கருவாட்டை வெறும் சட்டியில் மொறுமொறுவென வறுத்துப் பொடித்துத் தூவிப் பாருங்கள். ஐரோப்பியன் மேலே தூவும் பாலாடைக்கட்டி அதற்குப் பக்கத்தில் நிற்காது.

கிழக்குக் கடற்கரைச் சாலை உணவகங்களின் பட்டியலில் இதே பண்டம் ‘பம்ப்கின் சூப்’ என்று தமிழ் எழுத்திலேயே அச்சாகியிருக்கிறது. பம்ப்கின் கிரேக்கத்துப் ‘பெப்போன்’ பிரான்ஸ் வழியாக இங்கிலாந்து போய்ச் சிதைந்த சொல். அதற்கும் இந்தக் கரைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சூப் என்பதை மாற்றச் சொல்லவில்லை, அது நம் சொல்லாகிவிட்டது. நெடுங்காலமாக இந்தக் கரையின் வாயில் புழங்கும் பறங்கிக்காய் என்ற பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அடுத்த முறை பட்டியல் அச்சடிக்கும்போது பறங்கிக்காய் சூப் என்றே போடுங்கள்.