வெப்பமுள் ஏறினால் முதலில் எங்கே பார்ப்பது?

ஒரு வருடம் ஹாம் காமாட்சி அம்பாள் தேருக்குக் குடும்பத்தோடு போனோம். ஏ2 நெடுஞ்சாலையில் வாகன நெரிசல். எங்கள் பழைய கோல்ஃப் 4இன் வெப்பமுள் 90ஐத் தாண்டி ஏறியது. அதற்கு முதல் மாதம்தான் இதே குறைக்காக ஒரு கராஜில் வெப்ப உணரியை மாற்றிக் காசும் கட்டியிருந்தோம். கடைசியில் பார்த்தால் விசிறியின் பியூஸ்தான் உருகியிருந்தது. கணக்கில் பிழை வந்தால் முதல் பதிவிலிருந்து சரிபார்ப்போம் அல்லவா? காருக்கும் அதே முறைதான்.

முதலில் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள். இந்தக் காரில் முள்ளுக்கும் எஞ்சின் கணினிக்கும் தகவல் தருவது ஒரு உணரி. விசிறியை இயக்குவது றேடியேற்றரில் உள்ள வேறொரு வெப்பச் சுவிச். அது 92–97 பாகையில் மெதுவாகவும், 99–105 பாகையில் வேகமாகவும் விசிறியைச் சுழலவிடும். எனவே உணரியை மாற்றினால் விசிறி சுற்றாது.

நெரிசலில் மட்டும் முள் ஏறி, ஓடும்போது இறங்கினால் விசிறிப் பக்கம் பாருங்கள். ஏசியைப் போடுங்கள். விசிறி சுற்றினால் மோட்டாரும் பியூஸும் நல்லவை; சந்தேகம் வெப்பச் சுவிச்சில். சுற்றாவிட்டால் பற்றரியின் மேலுள்ள பியூஸ் பெட்டியைப் பாருங்கள். அங்கே பியூஸ் உருகுவது இந்த மொடலில் தெரிந்த குறை. அதன் பிறகே விசிறி மோட்டாரும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும்.

வேகமாக ஓடும்போதும் ஏறினால் குளிர்நீர் அளவு, தேர்மோஸ்டாட், நீர்ப் பம்பு ஆகியவற்றைப் பாருங்கள்.

முள் திடீரென விழுந்து எழும்பினால், அல்லது எஞ்சின் சூடானபின் ஸ்டார்ட் எடுக்கச் சிரமப்பட்டால் உணரியைச் சந்தேகிக்கலாம். மீற்றரில் அளந்தால் கணினிக்கான முனைகளில் 30 பாகையில் 1500–2000 ஓம், 80 பாகையில் 275–375 ஓம் இருக்க வேண்டும். அதற்கு வெளியே என்றால் மாற்றுங்கள். விலை குறைந்த பாகம்தான்.

முள் 90இல் நிற்பதை மட்டும் நம்ப வேண்டாம். சுமார் 75 பாகை முதல் 105 வரை அது அசையாமல் நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டி அசைந்தால் காத்திருக்க நேரமில்லை.

வழியில் ஏறினால் ஏசியை நிறுத்தி, உள்ளே சூடாக்கியை முழுதாகத் திறந்து, பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி எஞ்சினை நிறுத்துங்கள். எல்லோரும் பாதுகாப்பு அங்கி அணிந்து தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். குளிர்நீர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பாயும். நிறுத்திய பின்னும் விசிறி தானாகச் சுற்றலாம், கையை வைக்காதீர்கள்.

அன்று நாங்கள் தேரைப் பார்க்கவில்லை. ஆனால் உடனே நிறுத்தியதால் எஞ்சின் தப்பியது. சிலிண்டர் தலை வளைந்திருந்தால் திருத்தும் செலவு காரின் விலையைவிடக் கூடியிருக்கும். அடுத்த முறை கராஜுக்குப் போகும்போது, 'எந்தச் சோதனை செய்து இந்தப் பாகம் பழுது என்று கண்டீர்கள்?' என்று கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.