கொல்லிமலையில் பெருந்தொற்றுக் கால மறுதிறப்பு

பெருந்தொற்றுக் கால மறுதிறப்பு என்பது, நோய்ப் பரவலைத் தடுப்பதற்காக மூடப்பட்ட கடை, சந்தை, பேருந்து, பள்ளி, வழிபாட்டிடம் முதலியவற்றை, பரவல் மீண்டும் பெருகாத வகையில் படிப்படியாக மக்களின் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் முறையாகும். கோவிட்-19 பெருந்தொற்றின்போது தமிழ்நாடு முழுவதற்கும் வகுக்கப்பட்ட தளர்வு விதிகளே நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கும் பொருந்தின என்றாலும், மலைப்பாதை, சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள், பருவத்தைச் சார்ந்த விளைபொருள் வணிகம் ஆகியவற்றால் அவ்விதிகள் சமவெளியில் தந்த பயனிலிருந்து வேறான பயனை இங்குத் தந்தன. எனவே மலைப்பகுதிகளில் மறுதிறப்பை எவ்வரிசையில் மேற்கொள்ள வேண்டும் என்பதை ஆராய்வதற்குக் கொல்லிமலை தக்க எடுத்துக்காட்டாக அமைகிறது.

நிலமும் மக்களும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கொல்லிமலை ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதன் மேற்பரப்பு பெரும்பாலும் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. மலையாளி எனப்படும் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் இம்மலையில், வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்பனபோல ‘நாடு’ என்று முடியும் பெயர்களைக் கொண்ட ஊராட்சிகள் பலவுள்ளன. செம்மேடு இதன் நிருவாகத் தலைமையிடம். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும் சாலையே முதன்மைப் பாதை. முள்ளுக்குறிச்சி வழியாகச் செல்லும் மற்றொரு பாதையும் உண்டு. வருவோரைக் கண்காணிக்க எளிதாக இருந்த இந்த அமைப்பே, பேருந்து நின்றால் நோயாளி, மாணவர், உழவர் என அனைவரையும் ஒருசேர மேலேயே நிறுத்திவிடும் அமைப்பாகவும் இருந்தது.

ஊரடங்கும் தளர்வுகளும்

உலக நலவாழ்வு நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என்று குறிப்பிட்டதைத் தொடர்ந்து, தமிழ்நாட்டில் மார்ச் 24 மாலை முதல் தடையுத்தரவும், மறுநாள் முதல் நாடு தழுவிய ஊரடங்கும் நடைமுறைக்கு வந்தன. மே மாதத்தில் தனிக்கடைகள் வகைவாரியாகத் திறக்கப்பட்டன. ஜூன் 1 முதல் பேருந்துப் போக்குவரத்துக்காக மாநிலம் எட்டு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டபோது, நாமக்கல் மாவட்டம் கோவை, நீலகிரி, ஈரோடு, திருப்பூர், கரூர், சேலம் ஆகியவற்றுடன் முதல் மண்டலத்தில் சேர்க்கப்பட்டு, பாதியளவு பேருந்துகள் இயங்க இசைவு பெற்றது. பரவல் ஏறியதால் ஜூலை 1 முதல் அவையும் நிறுத்தப்பட்டன. மாவட்டத்துக்குள் செப்டம்பர் 1 முதலும், மாவட்டங்களுக்கிடையே செப்டம்பர் 7 முதலும் மீண்டும் இயங்கின.

இரண்டாம் அலையின்போது, 2021 மே 10 அன்று தொடங்கிய ஊரடங்கு ஜூன் 7 முதல் தளர்த்தப்பட்டாலும், தொற்று குறையாத 11 மாவட்டங்களுள் ஒன்றாக நாமக்கல் இருந்தமையால், பிற மாவட்டங்கள் பெற்ற தளர்வுகள் இங்குத் தாமதமாகவே வந்தன. மாநிலம் முழுவதும் ஒரே அளவான தளர்வு நடைமுறைக்கு வந்த ஜூலை 5 அன்றுதான் இம்மாவட்டத்தில் பேருந்துகள் ஓடத் தொடங்கின. மாவட்டம் முழுவதையும் ஓர் அலகாகக் கொண்ட இம்முறையில், சமவெளி நகரங்களின் தொற்று நிலையே மலைமக்களின் பயணத்தையும் தீர்மானித்தது என்பது கருதத்தக்கது.

சந்தையும் கடைகளும்

மிளகு, காபி, வாழை, பலா, அன்னாசி, மரவள்ளி, சாமை, கேழ்வரகு ஆகியவை கொல்லிமலையின் முதன்மை விளைபொருள்கள். இவற்றுள் காயவைத்த மிளகையும் சாமை போன்ற சிறுதானியங்களையும் வீட்டில் இருப்பு வைத்து விலை வரும்போது விற்கலாம். பலாவும் அன்னாசியும் பழுத்தபின் சில நாள்களுக்கு மேல் காத்திரா. இரண்டு ஆண்டுகளிலும் கடும் கட்டுப்பாடு நிலவிய மாதங்கள் பலாப் பருவத்தை ஒட்டியே அமைந்தன. வேளாண் பணிகளுக்கும் விளைபொருள் கொள்முதலுக்கும் நடுவணரசு 2020 மார்ச் 27 அன்றே விலக்களித்திருந்தது. ஆயினும் சரக்கு வண்டி மலையேறி வருவதும், வாங்குவோர் சந்தைக்கு வருவதும் உறுதியானால்தான் அவ்விலக்கு உழவரின் கைக்குப் பணமாகச் சேரும்.

சந்தையைப் பாதுகாப்பாக நடத்துவதற்கான விதிகள் எளியவை: கடைகளுக்கிடையே இடைவெளி விடுதல், நெரிசலான இடத்திலிருந்து திறந்த வெளிக்குச் சந்தையை மாற்றுதல், நுழைவிடத்தில் சோப்பும் நீரும் வைத்தல், முகக்கவசம் அணிதல், விற்பனை நேரத்தைப் பிரித்தல். மூச்சுக்காற்றின் நுண்துளிகளால் பரவும் நோய் காற்றோட்டமுள்ள இடத்தில் விரைவாகத் தொற்றுவதில்லை என்பதால், திறந்தவெளிச் சந்தை மூடிய அறையைவிடப் பாதுகாப்பானது. தேநீர்க் கடை, சிற்றுணவகம் போன்ற சிறிய கடைகளில் உட்கார்ந்து உண்பதற்கு முன்பாகப் பொட்டல விற்பனைக்கு இசைவளிக்கப்பட்டதற்கும் இதுவே அடிப்படை. மேலும், உண்ணும்போது முகக்கவசம் அணிய இயலாது.

பொதுச் சேவைகள்

நியாய விலைக் கடைகள் ஊரடங்கிலும் மூடப்படவில்லை. 2020 ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும் விலையில்லாப் பொருள்களும் வழங்கப்பட்டபோது, நாளும் நேரமும் குறித்த டோக்கன்கள் முன்கூட்டியே கொடுக்கப்பட்டன. வரிசையைக் குறைக்கும் இம்முறை, நெடுந்தொலைவு நடந்து வருவோர் வெறுங்கையுடன் திரும்பாதிருக்கவும் உதவத்தக்கது.

நலவாழ்வுச் சேவையில் மறுதிறப்பு என்பது கதவைத் திறப்பதோடு முடிவதில்லை. காய்ச்சல் நோயாளிகளைத் தனியிடத்தில் பார்த்து, மகப்பேறு, குழந்தைத் தடுப்பூசி, நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு வருவோருடன் அவர்கள் கலவாமல் காப்பதே அதன் உட்பொருள். பேருந்து இல்லாத நாளில் மருத்துவமனை திறந்திருந்தும் நோயாளி வர இயலாது என்பதால், மலையில் இவ்விரு சேவைகளையும் பிரித்துத் திட்டமிடுதல் பயன்தராது.

பள்ளிகளைப் பொறுத்தவரை, 10, 12ஆம் வகுப்புகள் 2021 ஜனவரி 19 அன்றும், 9, 11ஆம் வகுப்புகள் பிப்ரவரி 8 அன்றும் திறக்கப்பட்டன. இரண்டாம் அலைக்குப் பின்னர் 9 முதல் 12 வரையான வகுப்புகள் செப்டம்பர் 1 அன்றும், 1 முதல் 8 வரையானவை நவம்பர் 1 அன்றும் மீண்டும் தொடங்கின. கைபேசி அலை எட்டாத ஊர்கள் உள்ள மலையில் இணையவழி வகுப்பு நேர்வகுப்புக்கு ஈடாகாது. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள், அதாவது மாணவர் தங்கி உணவுண்டு பயிலும் பள்ளிகள், கல்வியோடு நாள்தோறும் உணவையும் தருவன. ஆகவே அவை மூடப்பட்டபோது குழந்தைகளின் இழப்பு இரட்டிப்பாயிற்று. அதே வேளையில், பலர் ஒரே கூடத்தில் உறங்கும் விடுதி தொற்று எளிதில் பரவும் இடமாதலால், அதனைத் திறப்பதற்குக் காற்றோட்டமும் படுக்கை இடைவெளியும் இன்றியமையாதவை.

வழிபாடும் சுற்றுலாவும்

அறப்பளீசுவரர் கோயிலும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிச் சென்று காணும் ஆகாய கங்கை அருவியும் வெளியூர் மக்களை ஈர்ப்பன. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரியின் நினைவாக ஆடிப்பெருக்கை ஒட்டி நடைபெறும் அரசு விழாவில் மலைமக்களும் வெளியூராரும் பெருந்திரளாகக் கூடுவர். 2020இல் ஆடிப்பெருக்கு நாளான ஆகஸ்ட் 2, தளர்வற்ற முழு ஊரடங்கு விதிக்கப்பட்ட ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. செப்டம்பர் 1 அன்று வழிபாட்டிடங்கள் திறக்கப்பட்டன. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு ஆகியவற்றுக்குச் செல்ல மின்னனுமதி (இ-பாஸ்) தொடர்ந்து தேவைப்பட்டது. மருத்துவ வசதி குறைந்த மலையூர்களுக்குப் பெருந்திரளாக மக்கள் வந்து சேர்தல் இடர்மிக்கது.

மறுதிறப்பின் வரிசை

உலக நலவாழ்வு நிறுவனம் 2020 ஏப்ரலில் வெளியிட்ட ஆறு நிபந்தனைகள் கட்டுப்பாடுகளைத் தளர்த்துவதற்கான பொது அளவுகோலாகும்: பரவல் கட்டுக்குள் இருத்தல், நோயாளிகளைக் கண்டறிந்து, சோதித்து, பிரித்து, சிகிச்சையளிக்கும் திறன் இருத்தல், மருத்துவமனை, முதியோர் இல்லம் போன்ற இடங்களில் இடர் குறைந்திருத்தல், பணியிடத்திலும் பள்ளியிலும் தடுப்பு ஏற்பாடுகள் இருத்தல், வெளியிலிருந்து நோய் வருவதைக் கையாளுதல், மக்கள் அறிந்து பங்கேற்றல். அவசரமாகத் திறப்பதன் தீங்கை 1918ஆம் ஆண்டு இன்புளுயன்சா பெருந்தொற்றில் அமெரிக்காவின் டென்வர் நகரம் கண்டது. நவம்பரில் தடைகள் நீக்கப்பட்டபின் அங்கு நோய் மீண்டும் பெருகியது.

இந்நிபந்தனைகளைக் கொல்லிமலைக்குப் பொருத்தினால், உணவும் மருத்துவமும் எந்நிலையிலும் நிற்காதிருத்தல், அடுத்து விளைபொருள் வண்டியும் திறந்தவெளிச் சந்தையும், பின்னர் உள்ளூர்ப் பேருந்தும் பள்ளியும், இறுதியில் திருவிழாவும் சுற்றுலாவும் என்ற வரிசை பெறப்படும். விடுதி நடத்துவோருக்கும் வழிகாட்டிகளுக்கும் இவ்வரிசை பெரும் வருவாய் இழப்பைத் தருவதால், அவர்களுக்கான உதவித்தொகையும் திட்டத்தின் பகுதியாதல் வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’, அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘இல்லம் தேடிக் கல்வி’ ஆகிய மாநிலத் திட்டங்கள், சேவையை மக்களின் இருப்பிடத்துக்கே கொண்டுசெல்லும் நெறியைப் பின்பற்றின. செம்மேட்டில் கடைகள் திறந்துவிட்டதைக் கொண்டு மட்டும் மலையில் மறுதிறப்பு நிறைவடைந்ததாகக் கொள்ளலாகாது. சாலை முடிந்தபின் நடந்து சேர வேண்டிய கடைசிச் சிற்றூருக்கும் மருந்தும் பாடமும் சென்று சேர்வதே அதன் நிறைவு.