ரிசீவரின் முதுகில் ஒரு கரையோரச் சரித்திரம்

ஹோம் தியேட்டர் ரிசீவர் ஒன்று வாங்குவதென்று எங்கள் வீட்டில் முடிவான நாளிலிருந்து அதன் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாரும் முதுகையே பார்த்தோம். மகனுக்கு கிரிக்கெட் ஆட்டத்தைப் பெரிய திரையில் மைதான இரைச்சலோடு பார்க்க வேண்டும். எனக்கோ பழைய டெக் ஒன்றை அதனோடு இணைக்க வேண்டும். இரண்டுக்கும் விடை பின்பக்கத்தில்தான் இருந்தது.

ரிசீவர் என்பது ஒலியைப் பெருக்கி ஐந்தோ ஏழோ ஸ்பீக்கர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் பெட்டி. படம் தரும் கருவிகள் யாவும் அதில் வந்து செருகப்படும். அங்கிருந்து ஒரே ஒரு வயர் தொலைக்காட்சிக்குப் போகும். ஆகவே அதன் முதுகில் எத்தனை விதமான துவாரங்கள் இருக்கின்றனவோ, அத்தனை காலகட்டங்கள் அதில் பதிவாகியிருக்கின்றன என்று கொள்ளலாம். புத்தளத்திலிருந்து கற்பிட்டி வரையுள்ள எங்கள் கரையின் தொலைக்காட்சிச் சரித்திரத்தை எழுதச் சொன்னால், அந்த முதுகைப் பார்த்தே எழுதிவிடுவேன்.

நாட்டில் தொலைக்காட்சி 1979 ஏப்ரல் 13ஆம் திகதி சுயாதீனத் தொலைக்காட்சியின் ஒளிபரப்போடு தொடங்கியது. தனியார் முயற்சியாகப் பிறந்த அதை அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அரசு பொறுப்பேற்றது. கொழும்பை அண்டியவர்களுக்கு அது அதிசயம். எங்களுக்கு அது பத்திரிகையில் வாசித்த செய்தி மட்டுமே. எங்கள் கூரைகளுக்கு அன்ரனா ஏறியது 1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினி தொடங்கிய பிறகுதான். ஜப்பானின் நன்கொடையில் அமைந்த நிலையம் அது. ஜப்பான் தன் நாட்டில் 'என்.டி.எஸ்.சி.' என்னும் வண்ண முறையைப் பின்பற்றிக்கொண்டு, எங்களுக்கு ஐரோப்பாவில் பிறந்த 'பால்' முறையில் நிலையம் அமைத்துக் கொடுத்தது. 625 கோடுகள், வினாடிக்கு 25 படங்கள். இந்த வேற்றுமை பின்னாளில் பல குடும்பங்களை வருத்தியது: கனடாவிலிருந்து உறவினர் அனுப்பிய கல்யாணக் கசெட்டை இங்கே போட்டால், 525 கோட்டுப் படம் கறுப்பு வெள்ளையாகி உருண்டுகொண்டே இருக்கும். 'மல்டி சிஸ்டம்' என்ற சொல்லை எங்கள் பக்கத்துக் கிழவிகளும் அறிந்திருந்ததற்கு இதுவே காரணம்.

பிதுருதலாகலை 2524 மீற்றர் உயரம். அதன் உச்சியிலிருந்து வரும் அலை சுமார் 150 கிலோமீற்றர் கடந்து எங்கள் கரையை அடைய வேண்டும். அன்ரனாவைத் தென்கிழக்கே திருப்பிவைப்போம். ஆனால் காற்று அடங்கி, கடலின் மேல் வெப்பக் காற்றுப் படலம் கவிந்த இரவுகளில், அதே அன்ரனாவை வடமேற்கே திருப்பினால் முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள கொடைக்கானலின் தூர்தர்ஷன் வந்து விழும். இப்படலம் அலைகளை வானத்தில் தப்பவிடாமல் வளைத்து, குழாயில் நீர் போவதுபோல் கடலின் மேல் கொண்டுசெல்கிறது என்பதைப் பிற்பாடுதான் வாசித்தறிந்தேன். அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒருவன் கூரையில் நின்று குழாயைத் திருப்ப, மற்றவன் முற்றத்தில் நின்று "போதும், போதும், கொஞ்சம் பின்னுக்கு" என்று கத்துவதுதான்.

எங்கள் உப்புக்காற்றுக்குத் தனிக்கணக்கு உண்டு. அலுமினியக் கம்பியும் செம்பு வயரும் சந்திக்கும் இடத்தில் ஓர் ஆண்டுக்குள் வெண்பச்சைப் பொடி பூத்துவிடும். தட்டையான 300 ஓம் வயரைக் கழற்றிச் சுரண்டி மீண்டும் முறுக்குவது, உப்பளத்தில் பாத்தி வெட்டுவதுபோல் பருவ வேலை. பிறகு 75 ஓம் வட்டக் கேபிள் வந்தது. வயர் மாறியது, பொடி மாறவில்லை.

மின்சாரம் எட்டாத வீடுகளில் கார் பட்டரியில் ஓடும் சிறிய கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் இருந்தன; பட்டரியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சார்ஜ் ஏற்றப் போவோம். நுரைச்சோலையின் அனல்மின் நிலையம் 2011இல் இயங்கத் தொடங்கி நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கிறது என்பதைப் பார்க்கையில், அந்தப் பட்டரிப் பயணங்கள் நினைவுக்கு வந்து சிரிப்பூட்டும். (அலை வாங்குபவர்களைவிட அலை பரப்புபவர்களே எங்கள் கரையில் பெரிய செய்தியானார்கள் என்பதும் உண்மை. சிலாபத்தை அடுத்த இரணவிலவில் அமெரிக்கக் குரல் வானொலிக்கு நிலையம் அமைப்பதை எதிர்த்து மீனவக் கிராமத்தவர் நடத்திய போராட்டம் நெடியது. அந்நிலையம் 2016இல் மூடப்பட்டது. அது தனிக் கட்டுரைக்குரியது.)

டெக் வந்தது வளைகுடாவிலிருந்து. 1976இல் ஜப்பானில் வெளியான வி.எச்.எஸ். முறை, பத்து ஆண்டுகளுக்குள் சவூதிக்கும் குவைத்துக்கும் உழைக்கப் போனவர்களின் பயணப் பெட்டிகளில் ஏறி எங்கள் ஊர்களுக்கு வந்து சேர்ந்தது. ஒருவர் வீட்டு டெக் ஊருக்கே பொதுச் சொத்து. இரவு முழுவதும் மூன்று படம், நான்கு படம். அந்நாளைய தொலைக்காட்சிகள் பலவற்றில் அன்ரனாத் துவாரத்தைத் தவிர வேறு வழியே இல்லை. ஆகவே டெக், தானே ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையமாக மாறி, படத்தை அலையாக்கி அத்துவாரத்தினூடாகவே அனுப்பும். பின்னர் மஞ்சள் துவாரம் வந்தது. வெளிச்சத்தையும் வண்ணத்தையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்பும் வழி அது. கலந்ததைப் பிரிக்கையில் விளிம்புகளில் வண்ணம் கசியும். கோடு போட்ட சட்டை அணிந்தவர் வானவில்லாய் மின்னுவார். 1987இல் எஸ்-வி.எச்.எஸ். டெக்குகளோடு வந்த எஸ்-வீடியோ, இரண்டையும் தனித்தனிக் கம்பியில் விட்டது. அடுத்து மூன்று கம்பிகள் கொண்ட கொம்போனன்ட். 2002 டிசம்பரில் எச்.டி.எம்.ஐ. வந்து, படத்தையும் ஒலியையும் எண்களாக்கி ஒரே வயரில் அடக்கி, முன்னையவர்கள் அனைவரையும் மெல்ல வெளியேற்றியது.

வெளியேற்றம் என்ற சொல்லை எழுதுகையில் கை நிற்கிறது. எங்கள் கரையில் அச்சொல்லுக்கு ஒரே பொருள்தான்.

1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவின் மக்கள் எருக்கலம்பிட்டிக் கடற்கரையில் காத்துக்கிடந்து, படகுகளில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். புறப்படுமுன்னரே அவர்களது பணமும் நகையும் மின்சாதனங்களும் பறிக்கப்பட்டிருந்தன. அப்போது நான் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். இறங்கியவர்களின் எண்ணிக்கையைக் கேட்டு எழுதினேன். கையில் என்ன கொண்டுவந்தார்கள் என்று எழுதவில்லை, ஏனெனில் எழுத ஒன்றும் இருக்கவில்லை. புகைப்பட அல்பங்களைக்கூட விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

அவர்களுள் ஒருவர் முப்பது ஆண்டுகளாக என் அயலவர். 2009இல் போர் முடிந்தபின் சிலர் திரும்பிப் போனார்கள், அவர் போகவில்லை. அவரது கல்யாணம் 1988இல் நடந்தது. வீடியோ எடுத்தவர் இரண்டு பிரதிகள் கொடுத்திருக்கிறார். ஒன்று வீட்டோடு போயிற்று. மற்றது சவூதியில் இருந்த அண்ணனுக்கு அனுப்பப்பட்டதால் தப்பியது. அந்த வீடும், முற்றமும், 1991இல் கொட்டில் வாழ்க்கையில் மௌத்தாகிய அவரது உம்மாவும் அசைகின்ற ஒரே இடம் அந்தக் கசெட்தான். "நானா, உங்கட புதுப் பெட்டியில இதப் போடலாமா?" என்று அவர் கேட்டதுதான் என் டெக் ஆசையின் காரணம்.

கடைக்காரர் சந்தேகமின்றிச் சொன்னார்: "மஞ்சள் சொக்கெட் இருக்குது சேர், பழசெல்லாம் வேலை செய்யும்." வாங்கி வந்து டெக்கைச் செருகினேன். ஒலி வந்தது. படம் வரவில்லை. இரண்டு மாலைகள் வயர் மாற்றிப் பார்த்த பிறகே கையேட்டின் சிறிய எழுத்தில் விடை கிடைத்தது. மஞ்சள் துவாரத்தில் நுழையும் படம் மஞ்சள் துவாரத்தினூடாகவே வெளியேறும், எச்.டி.எம்.ஐ. வழியே தொலைக்காட்சிக்குப் போகாது. மாற்றிக்கொடுக்கும் சில்லு சில மாதிரிகளில்தான் உண்டு. ரிசீவர் வாங்குபவர் எண்ணவேண்டியது துவாரங்களின் தொகையை அல்ல. எது எதனுள் மாற்றப்படும் என்பதையே.

பழைய துவாரங்கள் தானாக மறையவில்லை என்பதையும் அப்போது அறிந்தேன். புளூ-ரே தட்டுகளின் பாதுகாப்பு ஒப்பந்தம், 2010 முடிவுக்குப் பின் தயாராகும் கருவிகள் அனலொக் வழியே உயர்தரப் படம் தருவதைத் தடுத்தது. 2013க்குப் பின் அனலொக் படத்தையே தடுத்தது. திருட்டுப் பிரதியைத் தடுக்க எடுத்த முடிவு அது. டெக்கைத் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் பூனாய் 2016 ஜூலையில் அதை நிறுத்தியது. என் மஞ்சள் துவாரம் தப்பிப் பிழைத்த ஒன்று, அவ்வளவே.

பிறகு செய்தது எளிது. பழைய டெக்கை நீர்கொழும்பில் ஒருவரிடம் கொடுத்து, தலையைத் துடைத்து, ரப்பர் பட்டியை மாற்றினோம். கசெட்டின் ஓரத்தில் வெண்பூஞ்சணம் படர்ந்திருந்தது. எங்கள் ஈரக்காற்றில் முப்பது ஆண்டு கிடந்தால் அப்படித்தான். அந்த நிலையில் ஓட்டினால் நாடாவும் போகும், டெக்கின் தலையும் போகும். மூடியைக் கழற்றி, நாடாவை உலர்த்தித் துடைத்த பின்னரே போட்டார். டெக்கிலிருந்து யூ.எஸ்.பி. கருவி ஒன்றினூடாகக் கணினியில் பதிந்தோம். பதிவது ஒரே முறைதான் என்று எண்ணி, இடையில் நிறுத்தாமல் இரண்டரை மணி நேரமும் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கோப்பைத்தான் கடைசியில் எச்.டி.எம்.ஐ. வழியே புதுப் பெட்டியில் போட்டோம்.

அயலவர் மகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். பெரிய திரையில் 240 கோட்டுப் படம் பஞ்சுபோல் தெரிந்தது. மகன் படத்தின் அகலத்தை இழுக்கப் போனான். முகங்கள் அப்பளமாகிவிடும் என்று தடுத்தேன். முற்றத்தில் பந்தல். கிணற்றடி. ஒரு பெண் சஹனுகளை அடுக்கிவைத்து, யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ரிசீவர் அந்த ஒற்றைக் குரலை எடுத்து ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் பங்கிட்டது. கூப்பிடும் குரல் எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்தும் வந்தது. பேரப்பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. "பின்னால உள்ளதெல்லாத்தையும் நிப்பாட்டுங்க நானா," என்றார். "உம்மா முன்னாலதான் நிக்கிறா."

ஒரு ஸ்பீக்கரை மட்டும் விட்டு, மற்றவற்றை நிறுத்தினேன்.