பேட்மேனுக்கு இன்னொரு அப்பா

புதுசா பேட்மேன் படம் வந்தாலே நம்மாளுங்க "காமிக்ஸ்ல இப்படி இல்லையே"ன்னு சண்டைக்குக் கிளம்பிடுவாங்க. சரி, அந்த காமிக்ஸை உருவாக்கினது யாருன்னு கேட்டா, பாப் கேன்னு பதில் வரும். பல வருஷமா டைட்டில்ல வந்ததும் அந்த ஒரு பேர்தான்.

1939-ல் கேன் வரைஞ்ச முதல் படத்துல ஹீரோவுக்கு சிவப்பு டிரெஸ், விறைப்பான இறக்கை. வௌவால் காது வெச்ச முகமூடி, இறக்கைக்குப் பதிலா அங்கி, சாம்பல் கலர் எல்லாம் பில் ஃபிங்கர் கொடுத்த ஐடியா. ப்ரூஸ் வேய்ன்ங்கிற பேரும் அவர் வெச்சதுதான். டிடெக்டிவ் காமிக்ஸ் 27-வது இதழ்ல வந்த முதல் கதையை எழுதினதும் அவரே. ஆனா கம்பெனியோட ஒப்பந்தம் போட்டது கேன் மட்டும்!

ஃபிங்கர் 1974-ல் இறந்துட்டார். 1989-ல் டிம் பர்ட்டன் படம் வசூல்ல பின்னியெடுத்தப்பவும் அவர் பேர் இல்லை. அதே வருஷம் வந்த சுயசரிதையில, ஃபிங்கருக்கு உரிய பேர் கிடைக்கலைன்னு கேனே ஒத்துக்கிட்டார். டைட்டில் மட்டும் மாறலை.

பேத்தி விடாம கேட்டு, 2015-ல் கம்பெனி இறங்கி வந்து, 2016 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்'லதான் சினிமாவுல அவர் பேர் ஏறுச்சு. அதுவும் 'உருவாக்கியவர் பாப் கேன், கூட பில் ஃபிங்கர்'ங்கிற தினுசுல.

அந்த 'கூட'வுக்கு 77 வருஷம் ஆச்சு மக்கா. அடுத்த படத்துல அந்த வரி வர்றப்ப பாப்கார்ன் வாங்க எழுந்துடாதீங்க :-)