ஹோல்டன் கொமடோர் எஸ்எஸ் (விஎஃப்)

மெல்பர்னில் இருந்த ஹோல்டன் நிறுவனத்தின் போர்ட் மெல்பர்ன் வடிவமைப்புக் கூடத்தில் உருவாகி, 2013இல் விற்பனைக்கு வந்த நான்கு கதவு விளையாட்டு வகைக் கார். அடித்தளம் 2006இல் வெளியான விஇ மாதிரியினுடையது. கூரையும் கதவுகளும்கூட ஏறத்தாழ பழையவையே. ஆனால் முன்முகமும் பின்புறமும் புதிதாக வரையப்பட்டன. எடையைக் குறைக்க எஞ்சின் மூடியும் டிக்கி மூடியும் அலுமினியத்தில் செய்யப்பட்டன. புடைத்த சக்கர வளைவுகளும் தாழ்ந்த நிற்பும் ஆரவாரமின்றி வேகத்தை உணர்த்துகின்றன.

உள்ளேதான் பெரிய மாற்றம். விஇயின் மலிவான பிளாஸ்டிக் போய், தையலிட்ட மென்பரப்புகளும் 8 அங்குலத் தொடுதிரையும் வந்தன. கைபிரேக் நெம்புகோலுக்குப் பதில் மின்பொத்தான் வந்ததால் இருக்கைகளுக்கு நடுவே இடம் கிடைத்தது. சக்கர இடைத்தூரம் 2,915 மி.மீ.; பின்னிருக்கையில் மூவர் நெருக்கமின்றி அமரலாம். தடித்த முன்தூண்கள் திருப்பங்களில் பார்வையை மறைப்பதும், பின்னிருக்கையை மடிக்க இயலாததும் குறைகள்.

அமெரிக்காவில் இது செவர்லே எஸ்எஸ் என்ற பெயரில் விற்கப்பட்டது. கொமடோர் எஸ்எஸ்ஸில் 2015இல் 304 கிலோவாட் திறனுள்ள 6.2 லிட்டர் வி8 எஞ்சின் சேர்க்கப்பட்டது. தென் ஆஸ்திரேலியாவின் எலிசபெத் ஆலையில் 2017 அக்டோபர் 20 அன்று உற்பத்தி நின்றது.