உலர்ந்த தீனியும் பூனையின் சிறுநீர்க் கல்லும்

வீட்டுப் பூனைகளைத் தாக்கும் சிறுநீர்க் கோளாறுகளின் வரலாற்றை அவற்றுக்கு விற்கப்பட்ட தீனியின் வரலாற்றிலிருந்து பிரித்து எழுத இயலாது. தீனியை மலிவாக்கத் தொழிற்சாலைகள் செய்த மாற்றங்களுள் முதன்மையானது அதிலிருந்த நீரை அகற்றியது; அதன்பின் பெருகிய நோயைத் தாதுக்களின் அளவை மாற்றித் தடுக்கலாம் என்று பல ஆண்டுகள் முயன்ற கால்நடை மருத்துவம், அகற்றிய நீரையே திரும்பச் சேர்க்க வேண்டும் என்ற முடிவை மெல்ல வந்தடைந்தது. குறைந்த செலவில் பூனை வளர்ப்போருக்கு இவ்வரலாறு நேரடியாகப் பயன்படுவதாகும்.

பூனையின் உடலமைப்பே இதற்கு அடிப்படை. வீட்டுப் பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை வறண்ட நிலங்களில் வாழ்வது. தனக்கு வேண்டிய நீரின் பெரும்பகுதியை எலி, பறவை முதலிய இரைகளின் உடலிலிருந்தே அது பெற்றுக்கொள்கிறது. அவ்விரைகளின் எடையில் ஏறத்தாழ 70 விழுக்காடு நீர்தான். ஆகவே பூனைக்குத் தாக உணர்வு குறைவாகவும், சிறுநீரை மிக அடர்த்தியாக்கும் சிறுநீரகத் திறன் மிகுதியாகவும் அமைந்துள்ளன. சிறுநீர் அடர்ந்தால் அதில் கரைந்துள்ள தாதுக்கள் படிகங்களாகப் பிரிவது எளிதாகிறது. கடுவன் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகியதாதலால், படிகங்களும் சளி போன்ற புரதப்பொருளும் சேர்ந்த ஓர் அடைப்பு அதனுள் சிக்கினால், ஓரிரு நாளில் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி உயிர் போகவும் கூடும்.

தொழிற்சாலைத் தீனி வருமுன் நகரத்துப் பூனைகள் எதைத் தின்றன என்பதற்கு 19ஆம் நூற்றாண்டு இலண்டன் தெளிவான சான்று தருகிறது. வண்டியிழுத்து ஓய்ந்த குதிரைகளைக் கொல்லும் கூடங்களில் இறைச்சியை வேகவைத்து, மரக்குச்சிகளில் கோத்து, தெருத்தெருவாகக் கொண்டுசென்று விற்ற வணிகர்கள் அங்கு இருந்தனர். நகர உழைப்பாளரின் வாழ்வை ஆராய்ந்த ஹென்றி மேஹ்யூ அவர்களைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். ஒரு பவுண்டு எடை இறைச்சி இரண்டரைப் பென்சுக்கு விற்றதாகவும், கால் பென்னி விலையிலும் ஒரு குச்சி கிடைத்ததாகவும் அவர் குறிப்பிடுகிறார். எலும்பில்லாத இறைச்சி மட்டுமே முழு உணவாகாது. அதில் கால்சியம் போதாது. எனினும் அது ஈரமானது, எலி பிடித்துத் தின்னும் பழக்கத்தோடு சேர்ந்து பூனைக்கு இயல்பான நீரை அளித்தது.

அமெரிக்காவில் 1922இல் நாய்களுக்காகக் குதிரை இறைச்சி டின்களில் அடைக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. பூனைத் தீனியும் அவ்வழியையே பின்பற்றியது. இரண்டாம் உலகப் போரின்போது தகரம் படைத்தேவைக்கு ஒதுக்கப்பட்டதால் டின் தீனி முடங்கி, காகிதப் பொதியில் அடைக்கக்கூடிய உலர் தீனி அவ்விடத்தைப் பிடித்தது. 1950களில், தானிய மாவையும் இறைச்சித் தூளையும் நீராவியிலும் அழுத்தத்திலும் வேகவைத்து, துளை வழியாகப் பிதுக்கிச் சிறு உருண்டைகளாக்கும் முறை பரவியது. இம்முறையில் தயாரான பியூரினா நிறுவனத்தின் நாய்த் தீனி 1957இல் சந்தைக்கு வந்தது. டின் தீனியில் முக்கால் பங்குக்கு மேல் நீர் இருக்க, உலர் தீனியில் அது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கெடாமல் நாள்பட நிற்பதும், ஏற்றிச் செல்ல எடை குறைவதும் அதன் விலையைத் தாழ்த்தின. உருண்டை உதிராமல் நிற்க மாவுச்சத்து தேவைப்பட்டதால், முழு ஊனுண்ணியான பூனையின் கிண்ணத்தில் தானியமும் நிலையாக இடம்பெற்றது.

அதே காலத்தில் பூனையின் வாழ்க்கையும் மாறியது. 1947இல் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த எட் லோவ், மலசலத்தை உறிஞ்சும் களிமண் துகளைப் பூனைத் தட்டுக்காக விற்கத் தொடங்கியபின், பூனையை நாள் முழுதும் வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பது எளிதாயிற்று. கருத்தடையும் பரவவே, ஓடியாடாமல், கிண்ணத்தில் எப்போதும் கிடக்கும் உலர் தீனியைக் கொறித்து உடல் பருத்த பூனைகள் பெருகின.

கடுவன் பூனைக்குச் சிறுநீர் அடைபடுவது இதற்கு முன்பே அறியப்பட்ட நோய்தான். இலண்டனில் 1925இல் வெளிவந்த ஹாமில்டன் கர்க்கின் பூனை நோய் நூலிலும் அது பேசப்படுகிறது. ஆயினும் 1970இல்தான், நோயுற்ற 46 பூனைகளைப் பற்றிய ஓர் அறிக்கையில், சிறுநீரில் இரத்தம், அடிக்கடி முக்குதல், அடைப்பு ஆகிய குறிகள் ஒரே நோய்த்தொகுதியாகப் பெயரிடப்பட்டன. அதே பத்தாண்டில் டென்மார்க்கின் வில்லெபெர்க் நோயுற்ற பூனைகளையும் நலமான பூனைகளையும் ஒப்பிட்டு, விரை நீக்கம், அசைவின்மை, உலர் தீனி மிகுதி ஆகியவை நோயுடன் சேர்ந்து வருவதைக் காட்டினார்.

ஆய்வாளரின் கவனம் முதலில் நீரின்மேல் விழாமல் தாதுக்களின்மேல் விழுந்தது. அன்று கிடைத்த கற்களில் பெரும்பாலானவை ஸ்ட்ருவைட், அதாவது மக்னீசியம், அமோனியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்த படிகம். தீனியை எரித்தபின் எஞ்சும் தாதுப்பகுதியைச் ‘சாம்பல்’ என்பர். எலும்புத்தூள் மிகுந்த மலிவான தீனிகளில் சாம்பலும் மக்னீசியமும் மிகுதி. மக்னீசியத்தை ஏராளமாகக் கலந்து ஊட்டிய பூனைகளுக்கு ஆய்வகத்தில் கல் உண்டானதால், சாம்பல் குறைந்த தீனியே பாதுகாப்பானது என்ற எண்ணம் கடைகளிலும் வீடுகளிலும் வேரூன்றியது.

1980களில் டோனி பஃபிங்டனும் அவருடன் உழைத்தவர்களும் இவ்வெண்ணத்தைத் திருத்தினர். மக்னீசியம் ஆக்சைடு கலந்த தீனி சிறுநீரைக் காரமாக்கிக் கல்லை உண்டாக்க, மக்னீசியம் குளோரைடு கலந்த தீனி சிறுநீரை அமிலமாக வைத்துக் கல்லைத் தடுத்தது. ஆகவே சாம்பலின் அளவைவிடச் சிறுநீரின் அமிலத்தன்மையே முதன்மையானது என்று தெளிவாயிற்று. இறைச்சி சிறுநீரை அமிலமாக்கும், தானியம் காரத்தின் பக்கம் இழுக்கும் என்பதால், தானியம் மிகுந்த மலிவுத் தீனியின் குறையும் விளங்கியது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கார்ல் ஆஸ்போர்ன் குழுவினர், அமிலமாக்கும் சிறப்புத் தீனியைக் கொண்டே, கிருமித்தொற்று இல்லாத ஸ்ட்ருவைட் கற்களைச் சராசரியாக ஐந்து வாரங்களில் கரைத்துக் காட்டினர். அறுவைக்குச் செலவிட இயலாத குடும்பங்களுக்கு இது பெரும் கொடை.

ஆனால் தீனி நிறுவனங்கள் நலமான பூனைகளுக்கான தீனியையும் அமிலமாக்கி, மக்னீசியத்தைக் குறைத்தபோது வேறொரு சிக்கல் தலையெடுத்தது. ஆஸ்போர்ன் நிறுவிய மின்னசோட்டா கல் ஆய்வு மையத்துக்கு 1981இல் வந்த பூனைக் கற்களில் 78 விழுக்காடு ஸ்ட்ருவைட். கால்சியம் ஆக்சலேட் 2 விழுக்காடே. அடுத்த இருபதாண்டுகளுக்குள் ஆக்சலேட் பாதியைத் தாண்டியது. உடலில் அமிலம் மிகும்போது எலும்பிலிருந்து கால்சியம் சிறுநீருக்குள் இறங்குவதும், ஆக்சலேட் படிவதைத் தடுக்கும் மக்னீசியம் குறைந்ததும் இதற்கான காரணங்களுள் அடங்கும் எனக் கருதப்படுகிறது. ஆக்சலேட் கல்லைத் தீனியால் கரைக்க இயலாது. அதை வெளியே எடுக்கவே வேண்டும். பின்னர் அமிலமாக்கும் அளவு தணிக்கப்பட்டது.

மற்றொரு உண்மையும் இதற்கிடையே வெளிப்பட்டது. சிறுநீர்க் கோளாறுள்ள இளம் பூனைகளிலும் நடுவயதுப் பூனைகளிலும் பாதிக்கு மேற்பட்டவற்றுக்குக் கல்லும் இல்லை, கிருமியும் இல்லை. மன உளைச்சலோடு தொடர்புடைய சிறுநீர்ப்பை அழற்சியே இருந்தது. அத்தகைய பூனைகளுக்கு ஒரே வகைத் தீனியை டின்னிலும் உலர்ந்த வடிவிலும் கொடுத்து ஓராண்டு கவனித்த ஆய்வொன்று 1999இல் வெளியாயிற்று. உலர் தீனி தின்றவற்றில் 39 விழுக்காட்டுக்கும், டின் தீனி தின்றவற்றில் 11 விழுக்காட்டுக்கும் நோய் திரும்பியது. இரண்டையும் வேறுபடுத்திய முதன்மையான கூறு நீர்.

இவ்வரலாறு, சிக்கனமாகத் தீனி தேர்பவருக்குத் தெளிவான ஒழுங்குமுறையைத் தருகிறது. பூனைக்கு வந்தது எவ்வகைக் கல் அல்லது அழற்சி என்பதைக் கால்நடை மருத்துவரிடம் அறிந்த பின்னரே தீனியை மாற்ற வேண்டும். ஸ்ட்ருவைட்டுக்கு உதவும் மிகை அமிலம் ஆக்சலேட்டுக்குக் கேடாகலாம். சிறப்புத் தீனி தேவையில்லை என்று மருத்துவர் கூறிய பூனைக்கு, ‘சாம்பல் குறைந்தது’ என்ற விளம்பரத்துக்காகக் கூடுதல் விலை தருவதைவிட, முழு ஊட்டமுள்ள எளிய ஈரத் தீனியை வாங்குவது பொருத்தம். அதற்கும் வழியில்லையெனில் ஒரு வேளைக்கேனும் ஈரத் தீனி கொடுத்து, மறுவேளை உலர் தீனியில் நீரூற்றி ஊறவைத்து, நெடுநேரம் கிடந்து கெடாதபடி அளவாக வைக்கலாம். கல்லை அஞ்சி வெறும் மீனை மட்டும் ஊட்டுவது வேறு குறைபாடுகளைக் கொணரும். கடுவன் பூனை முக்கியும் சிறுநீர் வராத நிலையில் எந்தத் தீனியும் மருந்தாகாது. அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். மற்ற நாட்களில், இந்நோயைத் தடுப்பதற்கு நூறாண்டு அனுபவம் காட்டும் பொருள்களுள் மிக மலிவானது, தீனியோடு சேரும் நீரே.