ஒரு சட்டமும் ஒரு மாத்திரையும்

எய்ட்ஸுக்கு எதிராக உலக நாடுகள் கைகோத்த வரலாற்றை நாம் வழக்கமாக ஜெனீவாவிலிருந்தோ வாஷிங்டனிலிருந்தோ தொடங்குகிறோம். 1959-இல் தொடங்குவதே பொருத்தம் என்று தோன்றுகிறது. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். ராஜகோபால ஐயங்கார் காப்புரிமைச் சட்டம் குறித்த தம் அறிக்கையை இந்திய அரசிடம் அளித்த ஆண்டு அது. (நம் ஊரில் சட்டம் பயின்றோர்க்கு வெளியே அவர் பெயரை அறிந்தவர் அதிகமில்லை.) மருந்து என்னும் பொருளுக்குக் காப்புரிமை வேண்டாம், அதைத் தயாரிக்கும் செய்முறைக்கு மட்டும் தரலாம் என்றார் அவர். 1970-இல் அது சட்டமாயிற்று. வேறு வழியில் அதே மருந்தைத் தயாரிக்க இந்தியாவில் யாருக்கும் தடையில்லை என்றாயிற்று. எச்.ஐ.வி. என்ற பெயரே அன்று இல்லை.

1996-இல் வான்கூவர் மாநாட்டில் கூட்டு மருந்துச் சிகிச்சையின் வெற்றி அறிவிக்கப்பட்டது. பணக்கார நாடுகளில் மரணங்கள் சரிந்தன. ஒருவருக்கான ஆண்டுச் செலவு 10,000 டாலருக்கு மேல். நோயுற்றோரில் பெரும்பாலோர் வாழ்ந்ததோ சஹாராவுக்குத் தெற்கே. மலிவான மருந்துக்கு வழிவகுக்கும் சட்டத்தைத் தென்னாப்பிரிக்கா 1997-இல் இயற்றியது. மறு ஆண்டே மண்டேலாவின் அரசை மருந்து நிறுவனங்கள் நீதிமன்றத்துக்கு இழுத்தன.

2001 பிப்ரவரியில் மும்பை சிப்லா நிறுவனத்தின் யூசுப் ஹமீத், மூன்று மருந்துகளையும் ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பிடம் அறிவித்தார். நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவு. உற்பத்திச் செலவே அதிகம் என்ற வாதம் அத்தோடு அடிபட்டுப்போயிற்று. ஏப்ரலில் வழக்கு திரும்பப் பெறப்பட்டது. பொதுச் சுகாதாரத்தைக் காக்க நாடுகளுக்கு உரிமை உண்டென்று நவம்பரில் தோஹாவில் உலக வணிக அமைப்பின் நாடுகள் ஒப்புக்கொண்டன.

விலையைவிட வியப்பானது அந்த மாத்திரை. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிராபின் மூன்றும் வெவ்வேறு பன்னாட்டு நிறுவனங்களின் உடைமைகள். ஒருவருடைய மருந்தை மற்றவர் தொட முடியாது என்பதால் அவற்றை ஒரே மாத்திரையாக்க மேலை நாடுகளில் வழியில்லை. பொருட்காப்புரிமை இல்லாத இந்தியாவில் அந்த வேலி இல்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று சிகிச்சை சுருங்கியது.

அதே 2001-இல் அமெரிக்க வெளிநாட்டு உதவி முகமையின் தலைவர் ஆண்ட்ரூ நாட்சியோஸ், ஆப்பிரிக்கர் பலருக்குக் கடிகாரம் பார்த்துப் பழக்கமில்லை, வேளை தவறாமல் மருந்துண்ண அவர்களால் இயலாது என்ற பொருளில் பேசினார். ஒரு கண்டத்துக்கே மருந்தை மறுக்க அது காரணமாகச் சொல்லப்பட்டது! 2006-இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, முறையாக மருந்துண்டோர் ஆப்பிரிக்காவில் 77 விழுக்காடு, வட அமெரிக்காவில் 55 விழுக்காடு என்று கண்டது.

சிப்லாவைத் தர்மசத்திரமாக்கி விட வேண்டியதில்லை, அதுவும் வணிகம்தான். ஸ்டாவுடினின் பக்கவிளைவுகள் கடுமையானவை, 2009-இல் உலக சுகாதார நிறுவனமே அதைக் கைவிடச் சொன்னது. நாளுக்கு ஒரு டாலரும் மலாவியின் விவசாயிக்கு எட்டாத தொகை. 2002-இல் உருவான உலக நிதியமும் 2003-இல் அதிபர் புஷ் அறிவித்த 1,500 கோடி டாலர் திட்டமும் இல்லையேல் மாத்திரை கிடங்கிலேயே கிடந்திருக்கும். அந்த அமெரிக்கப் பணமும் தொடக்கத்தில் காப்புரிமை மருந்துகளையே வாங்கியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உலக வணிக அமைப்பின் விதிப்படி 2005-இல் இந்தியா பொருட்காப்புரிமைக்குத் திரும்பியது. அதன்பின் வரும் புதிய மருந்துகளை உரியவர் உரிமம் தந்தால்தான் பெரும்பாலும் இங்கே தயாரிக்க முடியும். ஆண்டுக்கு இரண்டே ஊசியில் தொற்றைத் தடுக்கும் லெனகாபவிருக்குக் கிலியட் நிறுவனம் 2024-இல் ஆறு நிறுவனங்களுக்கு அத்தகைய உரிமம் தந்தது. 120 நாடுகளுக்கு, 2027 முதல், ஆண்டுக்கு 40 டாலர் என்று 2025-இல் அறிவிப்பும் வந்தது. அந்த மருந்தின் சோதனைக்குத் தம் மக்களைத் தந்த பிரேசிலும் பெருவும் அந்த 120-இல் இல்லை.